புரட்சியும் தேசியமும்: மூன்று வாரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது?

உலக வரலாறு எடுக்கும் ஆசிரியர்கள் ஆண்டுத் திட்டம் போடும்போது தயங்கி நிற்கும் அலகு இது. 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம். 1871-இல் ஜெர்மானியப் பேரரசு. நடுவில் பிரான்ஸ், ஹைட்டி, தென் அமெரிக்கா, கிரீஸ், 1830, 1848, இத்தாலி. கையில் இருப்பதோ மூன்று வாரம், தாராளமாகப் போட்டால் நான்கு. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே ஓடுவதா, சிலவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விடுவதா, நாடு வாரியாகப் போவதா, கேள்வி வாரியாகப் போவதா என்று முதல் நாளே முடிவெடுத்துவிட வேண்டும். பாதி வழியில் மாற்றினால் இரண்டும் கெட்டுவிடும்.

வழிகளை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். என்னுடைய அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1789 ஆகஸ்ட் 26-ஆம் தேதி பிரெஞ்சுத் தேசிய சபை ஏற்ற மனிதர், குடிமக்கள் உரிமைப் பிரகடனத்தில் பதினேழு பிரிவுகள் உண்டு. மூன்றாவது பிரிவு, இறையாண்மையின் மூலம் தேசத்திடமே இருக்கிறது என்கிறது. அதுவரை அது மன்னரிடம் இருந்தது. மன்னரிடமிருந்து எடுத்தாயிற்று, தேசத்திடம் கொடுத்தாயிற்று. சரி, அந்தத் தேசத்தில் யார் யார் உண்டு? பெண்கள்? சொத்தில்லாத கூலிக்காரர்கள்? பிரெஞ்சு மொழியே பேசாத பிரெட்டன் விவசாயி? காலனியில் கரும்பு வெட்டும் அடிமை? பிரகடனம் இதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த நூறு ஆண்டுகள் ஐரோப்பாவும் அமெரிக்கக் கண்டங்களும் அடித்துக்கொண்டது பெரும்பாலும் இந்தப் பதிலுக்காகத்தான்.

ஆகவே புரட்சி ஒரு பாடம், தேசியம் அடுத்த பாடம் என்று பிரித்து நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. புரட்சி எழுப்பிய கேள்விக்குத் தேசியம் சொன்ன பதில்கள் பல. அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று மோதின. மாணவருக்கு இந்தத் தொடர்ச்சி பிடிபடுகிறதா என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் பார்க்கப்போகிறேன்.

காலவரிசை வழி

பெரும்பாலான பாடநூல்கள் இந்த வழியில்தான் போகின்றன. இதை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட முடியாது. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று தள்ளிவிட்ட விதம் காலவரிசையில் மட்டுமே தெரியும். அமெரிக்கப் போருக்குப் பணமும் படையும் கொடுத்துப் பிரெஞ்சு கஜானா கடனில் மூழ்கியது. அந்தக் கடனுக்கு வழி தேடித்தான் பதினாறாம் லூயி 1614-க்குப் பிறகு கூடாத ஸ்டேட்ஸ் ஜெனரலை, அதாவது மதகுருமார், பிரபுக்கள், மற்ற மக்கள் ஆகிய மூன்று எஸ்டேட்டுகளின் பிரதிநிதிகள் கூடும் சபையைக் கூட்டினார். பாரிசில் பேசப்பட்டது கடல் கடந்து, பின்னாளில் ஹைட்டியான சான்-டொமாங் காலனியைப் பற்றவைத்தது. நெப்போலியன் 1808-இல் ஸ்பெயினுக்குள் புகுந்து மன்னரை இறக்கியதும், 'எங்கள் மன்னரே இல்லை என்றால் எங்களை ஆள்வது யார்?' என்ற கேள்வி ஸ்பானிய அமெரிக்காவின் நகரசபைகளில் எழுந்தது. அதே நெப்போலியனின் படை பெர்லினில் முகாமிட்டிருந்த நாட்களில்தான் தத்துவவாதி ஃபிக்டே அங்கே ஜெர்மானியருக்கான உரைகளை ஆற்றினார். இந்தச் சங்கிலியை அறியாத மாணவர், இவை தனித்தனி நாடுகளில் தானாக வெடித்தவை என்றே நினைப்பார்.

படங்களிலும் குழப்பம் வரும். கையில் மூவர்ணக் கொடியோடு பிணங்களின் மேல் ஏறிவரும் பெண்ணை டெலக்ராய் வரைந்த ஓவியம் பல இடங்களில் பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தின் முகப்பில் அச்சாகிறது. அது 1830 ஜூலைப் புரட்சியின் ஓவியம். 1789-இல் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்ட பிறகு நடந்தது. காலவரிசையை ஒழுங்காகப் படித்த மாணவர் இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

குறை எங்கே என்றால், நாட்டுக்கு ஒரு பாடவேளை, இரண்டு பாடவேளை என்று பங்கு வைக்கும்போது எல்லா நாட்டுக் கதையும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. காரணங்கள், நிகழ்வுகள், விளைவுகள். அதிக வரி, ஊதாரி மன்னர், அறிவொளிக் காலச் சிந்தனையாளர்கள், மக்கள் எழுச்சி. விடைத்தாளில் பெயரை மட்டும் மாற்றினால் அமெரிக்காவுக்கு எழுதியது பிரான்சுக்கும் பொருந்தும். ஹைட்டிக்கு ஒரு பத்தி மிஞ்சும், அதுவும் 'இதன் தாக்கத்தால்' என்று தொடங்கும். கடைசி வாரத்தில் தேசியம் ஒரு புதுப் பாடமாக வந்து இறங்கும்: இத்தாலிக்கு மாஜினி இதயம், கவூர் மூளை, கரிபால்டி வாள்; ஜெர்மனிக்குப் பிஸ்மார்க், இரத்தமும் இரும்பும். மாணவர் மனப்பாடம் செய்துவிடுவார். சிசிலியின் விவசாயி ஏன் இத்தாலியராக வேண்டும், அவரிடம் அதை யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் வராது.

நேரம் தாராளமாக இருந்து, வகுப்பு கதை கேட்பதில் ஆர்வமுள்ளதாகவும் இருந்தால் இந்த வழி பழுதில்லை. அதை ஒரு சட்டகமாக வைத்துக்கொள்ளலாம். வகுப்புச் சுவரில் ஒரு நீளமான காலக்கோடு ஒட்டி, நடத்த நடத்த நிரப்பிக்கொண்டே போனால் சங்கிலியும் கிடைக்கும், பாடவேளையும் மிச்சமாகும்.

மாதிரி வைத்து ஒப்பிடும் வழி

புரட்சிகளுக்குப் பொதுவான கட்டங்கள் உண்டு என்று காட்டி, ஒவ்வொரு நாட்டையும் அந்தக் கட்டங்களில் பொருத்திப் பார்க்கச் சொல்வது இரண்டாவது வழி. இதற்கு மூலவர் அமெரிக்க வரலாற்றாளர் கிரேன் பிரின்டன். 1938-இல் அவர் இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு, புரட்சியை உடம்பில் ஏறி இறங்கும் காய்ச்சல்போல விவரித்தார். முதலில் மிதவாதிகள், பிறகு தீவிரவாதிகள், உச்சத்தில் பயங்கர ஆட்சி, பிறகு தணிவு, முடிவில் ஒரு பலசாலி.

தேர்வுக்கு இது மிகவும் வசதி. அட்டவணை போடலாம், டிக் அடிக்கலாம். பின்னால் 1917 ரஷ்யப் புரட்சிக்கு வரும்போது மாணவர் கையில் ஒரு கருவி இருக்கும். ஒப்பிடும் பழக்கம் வரலாற்றுக்கு அடிப்படை என்பதையும் மறுக்கமாட்டேன்.

ஆனால் மாதிரியை முதல் நாளே கொடுத்துவிட்டால் மாணவர் ஆதாரத்தைப் படிப்பதை விட்டுவிட்டுக் கட்டத்தை நிரப்பத் தொடங்கிவிடுவார். மாதிரி பிரான்சுக்காகவே தைத்த சட்டை. அமெரிக்காவில் பயங்கர ஆட்சிக் கட்டம் எங்கே என்று தேடித் திணறுவார். ஹைட்டியில் அடிமைகள் மிதவாதியா தீவிரவாதியா என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. எல்லாவற்றையும்விட, காய்ச்சல் கதையில் 'எப்படி நடந்தது' உண்டு, 'யாருக்காக' இல்லை. என் அளவுகோலில் இது பெரிய ஓட்டை.

தேசியத்துக்கும் இதேபோல ஒரு கட்டம் உண்டு. பிரான்சினுடையது குடிமைத் தேசியம், சட்டமும் விருப்பமும் அடிப்படை. ஜெர்மனியினுடையது இனத் தேசியம், மொழியும் இரத்தமும் அடிப்படை. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்துவிட்டால் அழகாக இருக்கும். இரண்டு ஆவணங்களை எடுத்துவைத்தால் அந்தக் கோடு அழிந்துவிடும். 1794-இல் பாதிரியார் கிரெகுவார் பாரிசில் புரட்சி மன்றத்தின் முன் ஓர் அறிக்கை வைத்தார். குறைந்தது அறுபது லட்சம் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தேசிய மொழி தெரியாது, அதைத் தூய்மையாகப் பேசக்கூடியவர்கள் முப்பது லட்சத்துக்கு மேல் இல்லை என்று கணக்குச் சொல்லி, வட்டார மொழிகளை ஒழிக்க வேண்டும் என்றார். குடிமைத் தேசியத்தின் தாய்வீட்டில் இது. மறுபக்கம் 1849-இல் ஃபிராங்ஃபர்ட் நாடாளுமன்றம் எழுதிய ஜெர்மானிய அரசமைப்பின் 188-ஆம் பிரிவு, ஜெர்மன் பேசாத மக்களுக்குத் தங்கள் மொழியிலும் பண்பாட்டிலும் வளரும் உரிமையை உறுதி செய்தது. இரண்டையும் பெயர் மறைத்துக் கொடுத்து, 'இதில் எது பிரான்ஸ், எது ஜெர்மனி?' என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு பெரும்பாலும் மாற்றிச் சொல்லும். பிறகு பெயரைத் திறந்தால் வரும் வாதத்துக்காகவே ஒரு பாடவேளை ஒதுக்கலாம்.

ஆகவே இந்த வழியை நான் கடைசிக்குத் தள்ளுவேன். நிகழ்ச்சிகளை அறிந்த பிறகு மாதிரியைக் கொடுத்து, 'இது எங்கே உடைகிறது?' என்று கேட்பதற்கு அது மிகப் பயன்படும்.

நடித்துக் காட்டும் வழி

இதைத் தனி வழியாக எண்ண முடியாது, எந்த வழியோடும் சேரும். ஆனாலும் முழு அலகையே நாடகமாக்கும் ஆசிரியர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

ஸ்டேட்ஸ் ஜெனரலை ஒரு பாடவேளை நடித்துப் பார்ப்பது நல்லது. காரணம் எளிது: அங்கே சண்டையே வாக்கெடுப்பு முறையைப் பற்றியது. மதகுருமார் ஏறத்தாழ முந்நூறு பேர், பிரபுக்கள் முந்நூறு பேர், மூன்றாம் எஸ்டேட் அறுநூறு பேர். எஸ்டேட்டுக்கு ஒரு வாக்கு என்றால் மூன்றாம் எஸ்டேட் எப்போதும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்கும். தலைக்கு ஒரு வாக்கு என்றால் பாதி பலம் வந்துவிடும், கீழ்நிலைப் பாதிரியார் சிலர் பக்கம் மாறினாலே வெற்றி. வகுப்பை இதே விகிதத்தில் பிரித்து, ஏதாவது ஒரு தீர்மானத்தை இரண்டு முறையிலும் வாக்குக்கு விட்டால், 1789 ஜூன் 17 அன்று மூன்றாம் எஸ்டேட் தன்னைத் தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டது ஏன் என்று விளக்கவே வேண்டியதில்லை.

அடிமை முறையையும் படுகொலையையும் நடிக்க வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. யாரையோ எஜமானராகவும் யாரையோ அடிமையாகவும் நிறுத்துவது அந்த மாணவர்களை அவமானப்படுத்தும். அந்த மனிதர்களின் துன்பத்தையும் சிறுமைப்படுத்தும். லூயி மன்னரின் விசாரணையை நடிப்பதில்கூட எச்சரிக்கை தேவை. வகுப்பு அவரை விடுவித்துவிட்டால், 1793 ஜனவரியில் மன்றத்துக்கு இருந்த நெருக்கடிகள் எவையும் மனதில் நிற்காமல், 'நாங்கள் நியாயமானவர்கள், அவர்கள் கொடியவர்கள்' என்பது மட்டும் நிற்கும்.

இரண்டை மட்டும் ஆழமாக: பிரான்சும் ஹைட்டியும்

நான் பரிந்துரைப்பது இந்த வழியை. பிரான்சை மட்டும் ஆழமாக எடுப்பது சிலருடைய தேர்வு. ஆவணங்கள் எளிதில் கிடைக்கும், ஆசிரியருக்கும் பழக்கம். ஆனால் சான்-டொமாங் இல்லாமல் பிரான்சின் கதையே முழுமை பெறாது. பிரான்சின் மிக வளமான காலனி அது. ஏறத்தாழ ஐந்து லட்சம் அடிமைகள் உழைத்த சர்க்கரையிலும் காபியிலும் பிரெஞ்சுத் துறைமுக நகரங்கள் கொழித்தன. பாரிசில் 'மனிதர்கள்' என்று எழுதப்பட்டதன் நிஜமான பரீட்சை அங்கேதான் நடந்தது.

எங்கிருந்து தொடங்குவது? பிரகடனத்தின் முதல் பிரிவையும் கடைசிப் பிரிவையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். முதல் பிரிவு: மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கிறார்கள், அப்படியே இருக்கிறார்கள். பதினேழாவது: சொத்து மீறமுடியாத, புனிதமான உரிமை. கீழே ஒரு வரி சேருங்கள்: 1685-ஆம் ஆண்டின் கறுப்பர் சட்டப்படி சான்-டொமாங்கில் அடிமை என்பவர் அசையும் சொத்து. இப்போது கேளுங்கள், எந்தப் பிரிவு எந்தப் பிரிவை வெல்லும்? தோட்ட முதலாளி எதைக் காட்டுவார், அடிமை எதைக் காட்டுவார்? பதினைந்து வயது மாணவர்கள் இதில் பாய்ந்துவிடுவார்கள். நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு நிகழ்ச்சிகளை இரண்டு பத்தியாக, இடப்பக்கம் பாரிஸ், வலப்பக்கம் சான்-டொமாங் என்று ஏற்றிக்கொண்டே போகலாம். 1791 பிப்ரவரியில், சுதந்திரமான கலப்பினத்தவருக்கு வாக்குரிமை கேட்டுக் கிளர்ந்த வின்சென்ட் ஓஜே காலனியில் சக்கரத்தில் கட்டி நொறுக்கிக் கொல்லப்பட்டார். அந்த மே மாதம் பாரிஸ் அவரைப் போன்றோரில் ஒரு சிறு பகுதியினருக்கு உரிமை கொடுத்தது, செப்டம்பரில் திரும்பப் பிடுங்கியது. இடையில் ஆகஸ்ட் மாதம் வடக்குச் சமவெளியில் அடிமைகளே எழுந்துவிட்டார்கள். 1793-இல் காலனியின் ஆணையராக இருந்த சொந்தொனாக்ஸ் வடக்கில் அடிமை முறையை ஒழித்தார். பிரிட்டனும் ஸ்பெயினும் படையெடுத்துவரும் நேரத்தில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் மன்றம் அதை எல்லாக் காலனிகளுக்கும் விரிவாக்கியது. யார் யாரைப் பின்தொடர்ந்தார்கள் என்பதை மாணவர் தேதிகளைப் பார்த்தே சொல்லிவிடுவார். பாரிசின் தாக்கத்தால் ஹைட்டி என்று மட்டும் எழுதும் பாடநூல் வரியை அவரே திருத்தவும் செய்வார்.

இந்த இடத்தில் ஒரு படத்தைக் காட்டுவது நல்லது. ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் விடுதலை பெற்று, சான்-டொமாங்கின் பிரதிநிதியாகப் பாரிஸ் மன்றத்தில் அமர்ந்த ழான்-பாப்டிஸ்ட் பெல்லேயின் ஓவியம், ஜிரோதே 1797-இல் வரைந்தது. இடுப்பில் மூவர்ணப் பட்டை, தொப்பியில் மூவர்ண இறகு. அடிமை முறையைக் கண்டித்து எழுதிய ரெய்னாலின் வெள்ளைப் பளிங்குச் சிலையின் மேல் அலட்சியமாகச் சாய்ந்து நிற்கிறார். பெல்லே எங்கோ தொலைவில் பார்க்கிறார். இந்த ஓவியத்தில் யார் யாருக்கு விடுதலை கொடுத்தது என்று கேட்டால் வகுப்பில் இரண்டு கட்சி உருவாகும். இரண்டுக்கும் ஓவியத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

பிறகு வேகம் கூட்டலாம். 1802-இல் நெப்போலியன் அடிமை முறையை மீட்டார். எழுச்சியின் தலைவர் டூசான் லூவெர்த்யூர் பிடிபட்டுப் பிரெஞ்சு மலைக்கோட்டை ஒன்றின் சிறையில் 1803 ஏப்ரலில் இறந்தார். அந்த நவம்பரில் வெர்த்தியேர் போரில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று டூசானின் தளபதியாக இருந்த டெசாலின் ஹைட்டியின் விடுதலையை அறிவித்தார். அதைத் தொடர்ந்த மாதங்களில் அவரது ஆணைப்படி எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையர் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். இதை மறைக்கக் கூடாது. நூறாண்டுத் தோட்டக் கொடுமையையும் அதே பாடவேளையில் சொல்ல வேண்டும். அடிமைகள் தாமே எழுதிவைத்த ஆவணங்கள் மிகச் சில, நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் முதலாளிகளும் அதிகாரிகளும் எழுதியவை என்பதையும் மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்று தெரியாமல் படுகொலையை எடைபோட முடியாது.

புரட்சியிலிருந்து தேசியத்துக்குத் தாண்டும் இடம் 1805-ஆம் ஆண்டு ஹைட்டி அரசமைப்பில் கிடைக்கிறது. எந்த வெள்ளையரும் எஜமானராகவோ நில உடைமையாளராகவோ இந்த மண்ணில் கால்வைக்க முடியாது என்கிறது பன்னிரண்டாம் பிரிவு. குடியுரிமை பெற்ற வெள்ளைப் பெண்கள், ஜெர்மானியர், போலந்துக்காரர் ஆகியோருக்கு விலக்கு அளிக்கிறது பதின்மூன்றாம் பிரிவு. பதினான்காம் பிரிவோ, இனி ஹைட்டியர் எல்லாரும் கறுப்பர் என்ற பொதுப்பெயரால் மட்டுமே அறியப்படுவார்கள் என்கிறது. அந்தப் போலந்துக்காரர்கள் யார்? நெப்போலியன் இந்தப் புரட்சியை அடக்க அனுப்பிய படைவீரர்கள். சொந்த நாட்டை ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுவிட்டதால், பிரான்சுக்காகப் போராடினால் நாடு திரும்பக் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பக்கம் மாறினார்கள். சட்டப்படி, வெண்ணிறத் தோல் கொண்ட அவர்களும் கறுப்பர். தோலின் நிறத்தால் ஒரு நாட்டை வரையறுத்தார்களா, நிறத்தின் பொருளையே தலைகீழாக்கினார்களா? இந்த மூன்று பிரிவுகள் தரும் விவாதத்தை, நான் அறிந்தவரை, ஐரோப்பிய ஆவணம் எதுவும் தராது.

1825-ஐ விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நிற்க, விடுதலையை அங்கீகரிக்க விலையாகப் பதினைந்து கோடி ஃபிராங்கை ஹைட்டி தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1838-இல் அது ஒன்பது கோடியாகக் குறைக்கப்பட்டது. இழப்பீடு போனது பழைய தோட்ட முதலாளிகளுக்கு. பதினேழாம் பிரிவு எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்று அன்றைக்கு வகுப்புக்குப் புரியும்.

தேசியத்துக்கு எந்த உதாரணம்?

வழக்கமான தேர்வு இத்தாலி, ஜெர்மனி. சிதறிக் கிடந்தவை ஒன்றான கதை, முடிவு தெளிவு. ஆனால் அந்தக் கதையை மட்டும் கேட்டவர், தேசம் என்பது முன்பே உள்ளே ஒளிந்திருந்தது, யாரோ வந்து திரையை விலக்கினார்கள் என்று எடுத்துக்கொள்வார். நான் 1848-ஐ நடுவில் வைப்பேன், அதுவும் ஹப்ஸ்பர்க் மன்னர்குலம் ஆண்ட ஆஸ்திரியப் பேரரசை. இரண்டு தேசங்கள் ஒரே மண்ணைக் கேட்டால் என்ன ஆகும் என்று அங்கே தெரியும்.

பாலமும் தயாராக இருக்கிறது. 1848 பிப்ரவரியில் பாரிஸ் மீண்டும் எழுந்தது, ஏப்ரல் 27 அன்று காலனிகளில் அடிமை முறை மறுபடியும், இம்முறை நிரந்தரமாக, ஒழிக்கப்பட்டது. மார்ச்சில் ஆஸ்திரியாவின் முதன்மை அமைச்சர் மெட்டர்னிக் வியன்னாவிலிருந்து ஓடினார். மே 18 அன்று ஃபிராங்ஃபர்ட்டின் புனித பவுல் தேவாலயத்தில் ஜெர்மானிய நாடாளுமன்றம் கூடியது.

அந்த நாடாளுமன்றத்துக்கு அழைப்பு வந்தபோது செக் வரலாற்றாளர் ஃபிரான்டிஷெக் பலாட்ஸ்கி மறுத்து எழுதிய கடிதத்தைக் கொடுங்கள். தான் ஸ்லாவிய வழிவந்த பொஹீமியர் (செக் மக்களின் நாடு பொஹீமியா), ஜெர்மானியர் அல்லர் என்கிறார். அதோடு நிற்காமல், ஆஸ்திரியப் பேரரசு என்று ஒன்று இல்லாதிருந்தால் ஐரோப்பாவின் நலனுக்காக அதை உருவாக்கியே தீரவேண்டும் என்கிறார். தேசியவாதி ஒருவர் பேரரசைக் காக்கச் சொல்கிறாரே, ஏன்? கிழக்கே ரஷ்யா, மேற்கே ஜெர்மனி, நடுவில் சின்னஞ்சிறு மக்கள் என்று வரைபடத்தைப் பார்த்தால் விடை வரும். சுதந்திரமும் தனிநாடும் ஒன்றே என்று நினைத்திருக்கும் மாணவருக்கு இந்தக் கடிதம் ஒரு நல்ல அதிர்ச்சி.

அடுத்து அதே ஆண்டு ஜூலையில் ஃபிராங்ஃபர்ட் நாடாளுமன்றத்தில் போலந்து பற்றிய விவாதம். இடதுசாரியாக இருந்த வில்ஹெல்ம் யோர்டான், ஆரோக்கியமான தேசியத் தன்னலம் வேண்டும், தாய்நாட்டின் நலனே முதலில் என்று முழங்கினார். போலந்துக்காரர் பெருவாரியாக வாழ்ந்த போசன் பகுதியின் பெரும்பங்கை ஜெர்மனியோடு சேர்க்க அந்தச் சபை வாக்களித்தது. சுதந்திரம் கேட்டுக் கூடியவர்களே அதைச் செய்தார்கள். ஹங்கேரியும் இப்படித்தான். கொசூத் தலைமையில் வியன்னாவிடமிருந்து விடுதலை கேட்ட ஹங்கேரியர், குரோஷியருக்கும் ருமேனியருக்கும் ஸ்லோவாக்கியருக்கும் அதே விடுதலையைத் தர மனமில்லாமல் இருந்தார்கள். சிறுபான்மை இனங்களுக்கு உரிமை தரும் சட்டத்தை நிறைவேற்றியது 1849 ஜூலை 28 அன்று. ஆகஸ்ட் 13 அன்று ரஷ்யப் படையிடம் சரணடைந்துவிட்டார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு 1871-க்கு அதிக நேரம் வேண்டாம். ஒரு பாடவேளை, அன்டன் ஃபான் வெர்னரின் இரண்டு ஓவியங்கள் போதும். வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் ஜனவரி 18 அன்று பேரரசு அறிவிக்கப்பட்டபோது அவர் நேரில் இருந்தார். 1877-இல் வரைந்த முதல் ஓவியத்தில் பிஸ்மார்க் நீலச் சீருடையில், கூட்டத்தில் ஒருவராக நிற்கிறார். 1885-இல் வரைந்ததில் மண்டபத்தின் நடுவே பளிச்சென்ற வெள்ளைச் சீருடை. அன்று அவர் உண்மையில் அணிந்திருந்தது நீலம். அன்று அங்கே இல்லாத போர் அமைச்சர் ரோன்கூட இரண்டாவதில் வந்துவிடுகிறார். இரண்டு படத்தையும் அருகருகே வைத்து, வேறுபாடுகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். இரண்டிலும் மக்கள் யாரும் இல்லை, சீருடைகள் மட்டுமே இருக்கின்றன என்பதை யாராவது ஒரு மாணவர் கவனிப்பார். 1848-இல் தேவாலயத்தில் கூடியது தேர்ந்தெடுக்கப்பட்ட சபை என்பதை அப்போது நினைவூட்டினால் போதும்.

அல்சாஸ் பகுதியை ஒரு சிறு பயிற்சியாகத் தரலாம். பேச்சு ஜெர்மன் வட்டார வழக்கு. 1789 முதல் பிரெஞ்சுப் புரட்சியில் பங்கு. 1871-இல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. அவர்கள் யார்? 1882-இல் பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் பாரிசின் சோர்போனில் ஆற்றிய உரையில், தேசம் என்பது அன்றாடம் நடக்கும் பொதுவாக்கெடுப்பு என்றார். அதே உரையில், சேர்ந்து வாழ நிறைய மறக்கவும் வேண்டும் என்றார். அல்சாஸ் இழந்த நாட்டில் நின்று பேசியவர் அவர் என்பதையும் மாணவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

தென் அமெரிக்காவுக்கு ஒரு பாடவேளை கட்டாயம். 1816-இல், ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரில் தோற்று வந்த தளபதி பொலிவாருக்கு ஹைட்டியின் அதிபர் பெத்தியோன் ஆயுதமும் கப்பலும் கொடுத்தார். கேட்ட பிரதிபலன், விடுவிக்கும் நிலத்தில் அடிமைகளையும் விடுவிப்பது. ஒரே மொழி, ஒரே மதம், ஒரே எதிரி இருந்தும் ஸ்பானிய அமெரிக்கா பல நாடுகளாயிற்று, பொலிவாரின் மகா கொலம்பியாகூட 1830 வாக்கில் உடைந்தது. மொழி இருந்தால் தேசம் வரும் என்று நம்பும் வகுப்புக்கு இது தேவையான எதிர்வாதம்.

இழப்பது என்ன, தேர்வுக்கு என்ன செய்வது

இந்த வழியில் அமெரிக்கப் புரட்சி அரை பாடவேளையாகச் சுருங்கும், கிரீஸ் காலக்கோட்டில் ஒரு புள்ளியாக நிற்கும், இத்தாலி வீட்டுப்பாடமாகும். சிசிலியைப் பிடித்த கரிபால்டியின் ஆயிரம் தொண்டர்களின் கதையை விட்டுவிட மனம் வராதவர்கள் இருப்பார்கள்; எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அது மாணவர் தானாகப் படித்தாலே புரியும் கதை. 1805 அரசமைப்பும் பலாட்ஸ்கியின் கடிதமும் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் புரியாது. வகுப்பறை நேரம் எதற்குப் போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. தேசியம் மாணவருக்குத் தூரத்து விஷயம் இல்லை. அவர்களுக்கென்று கொடி உண்டு, பெருமை உண்டு, வீட்டில் கேட்ட கதை உண்டு. எடுத்த எடுப்பில் அவர்கள் நாட்டையே மேசைமேல் வைத்தால் வாதம் சூடாகும், ஆதாரம் காணாமல் போகும். பொஹீமியாவிலும் ஹைட்டியிலும் கேள்வி கேட்கப் பழகிய பிறகு, சொந்த நாட்டுப் பாடம் வரும்போது அந்தக் கேள்விகளை அவர்களே எடுத்து வருவார்கள். அதுவரை ஆசிரியர் அவசரப்பட வேண்டாம்.

பொதுத்தேர்வில் 'பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களைப் பட்டியலிடு' என்றுதான் கேட்பார்கள் என்றால், அதற்கு இரண்டு பாடவேளை கடைசியில் ஒதுக்கி, காலக்கோட்டை வைத்து மாணவர்களே பட்டியல் போடட்டும். கதை தெரிந்தவருக்குப் பட்டியல் கடினமில்லை. பள்ளி அளவில் வைக்கும் தேர்வுக்கு என் வினாத்தாள் வேறு: பிரகடனத்தின் மூன்றாம் பிரிவு, ஹைட்டியின் பதினான்காம் பிரிவு, பலாட்ஸ்கி கடிதத்தின் ஒரு பத்தி. மூன்றிலும் தேசத்துக்குள் யார், வெளியே யார், அதை முடிவு செய்வது யார்? ஆதாரத்தோடு ஒன்றரைப் பக்கம் எழுதுக. மதிப்பெண்ணில் பாதி, எழுத்திலிருந்து எடுத்துக்காட்டிய சொற்களுக்கு.

இரண்டே வாரம்தான் இருக்கிறது என்றால், நடிப்பையும் தென் அமெரிக்காவையும் விடுங்கள், 1871-ஐ ஓவியங்களோடு பதினைந்து நிமிடத்தில் முடியுங்கள். ஒரே தாளில் அச்சடித்த அந்த முதல் பிரிவையும் பதினேழாம் பிரிவையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.